பாலம் தாண்டாத நோயாளி

அத்தியாயம் 6

டாக்டரைக் காப்பாற்றத்தான் அன்று காலை கிளம்பினோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் நடந்ததைப் படித்துவிட்டு, யார் தலையையோ வாங்கப் போனவர்கள் என்று எங்களை நீங்கள் நினைக்கக் கூடாது.

ஈஸ்டனில், டெலவேர் ஆற்றுப் பாலத்தடியில் ஒரு கார் நிறுத்துமிடம் இருக்கிறது. ஊரில் அதற்குப் பெயர் 'வெயிட்டிங் ரூம்'. கூரை கிடையாது, நாற்காலி கிடையாது, கிழிந்த பத்திரிகைகூடக் கிடையாது. அக்கரையில் நியூ ஜெர்சி, இக்கரையில் பென்சில்வேனியா. அக்கரை நோயாளிகள் பாலம் தாண்டி வந்து, காரை நிறுத்தி, போனை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்து வீடியோவில் டாக்டரிடம் பேசுவார்கள். பேசி முடித்ததும் வந்த வழியே திரும்பிப் போவார்கள்.

டாக்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது சட்டத்துக்கு முக்கியமில்லை. நோயாளி எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பதுதான் முக்கியம். பென்சில்வேனியா லைசென்ஸ் மட்டும் உள்ள டாக்டர், நியூ ஜெர்சியில் இருக்கிற ஆளுக்குப் போனில் வைத்தியம் பார்த்தால் குற்றம். அதே ஆள் ஆற்றைத் தாண்டி வந்துவிட்டால் ஒரு குற்றமும் இல்லை. தொற்றுக் காலத்தில் இந்தக் கெடுபிடியைத் தளர்த்தி வைத்திருந்தார்கள். தொற்று போனது, கெடுபிடி திரும்பி வந்துவிட்டது. சட்டம் எழுதிய புண்ணியவான்கள் யாரும் பிப்ரவரி மழையில் காருக்குள் உட்கார்ந்து இருமியிருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

"பத்துப் பன்னிரண்டு கார் நிக்குது தலைவரே. ஒரு பாப்கார்ன் வண்டி போட்டா நம்ம ரெண்டு பேரும் ராஜினாமா பண்ணிடலாம்," என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு வா," என்றார் ஆஸ்கர் டிகிரூட்.

முப்பது வருஷம் போலீஸில் குப்பை கொட்டிவிட்டு, இப்போது நியூ ஜெர்சி மருத்துவ வாரியத்துக்கு விசாரணை அதிகாரியாக இருப்பவர். பெரிய உடம்பு, சின்னக் கண். நான் மேவிஸ் யோடர், அவருடைய உதவியாளர். பிறந்தது பென்சில்வேனியாவில், சம்பளம் நியூ ஜெர்சியில். குறிப்பெடுப்பதும், அவர் தப்பாக யோசிக்கும்போது சிரிப்பதும் என் வேலை.

நீல நிறக் கார் ஒன்றின் ஜன்னல் இறங்கியது. லொரெய்ன் பாலோக் எங்களுக்காகவே காத்திருந்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் செத்துப்போன நோரீன் பாலோக்கின் தங்கை. அவள் மடியில் ஒரு சிவப்புப் பை இருந்தது. அதில்தான் ஊசி.

"உங்களுக்கும் அதே வியாதியா?" என்று கேட்டார் ஆஸ்கர்.

"அம்மா விட்டுட்டுப் போன சொத்து, எங்க ரெண்டு பேருக்கும். திடீர்னு உடம்பு வீங்கும். கை கால்ல வந்தா தாங்கிக்கலாம். தொண்டையில வந்தா அரை மணி நேரத்துல மூச்சு அடைச்சிடும். ஊசி போட்டா அடங்கும்." பையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "எங்க கரையில இருக்கிற டாக்டருங்க இதை அலர்ஜின்னு மாத்திரை குடுத்து அனுப்புவாங்க. அம்மா அப்படித்தான் போனா. இந்த வியாதி தெரிஞ்சவங்க டாக்டர் ஸ்ட்ராஸ்பர்கர் ஒருத்தர்தான்."

"அன்னிக்கு உங்க அக்காகிட்ட ஊசி இல்லையா?"

"இருந்த கடைசி ஊசியை முந்தின நாள் போட்டுக்கிட்டா. புதுசு எழுதி வாங்கத்தான் டாக்டரோட பேச வேண்டியிருந்தது." கொஞ்ச நேரம் பாலத்தையே பார்த்தாள். "மிஸ்டர் டிகிரூட், ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? அக்கா பாலம் தாண்டச் சோம்பேறித்தனப்பட்டு, எங்க ஊர்லயே உட்கார்ந்துக்கிட்டு ஈஸ்டன்ல இருக்கேன்னு டாக்டர்கிட்ட பொய் சொன்னாளாம். அந்தப் பொய்யை நம்பி டாக்டர் ஆம்புலன்ஸை இங்க அனுப்பினாங்களாம். ஆம்புலன்ஸ்காரங்க இங்க வந்து ஒவ்வொரு கார் கண்ணாடியா தட்டியிருக்காங்க. அவ அங்க செத்துக்கிட்டு இருந்திருக்கா."

"டாக்டர் வேற மாதிரி சொல்றாங்களே. நோரீன் ஈஸ்டன்லதான் இருந்தா, மூச்சு முட்டவும் பயந்துபோய் வீட்டுக்குத் திரும்பி ஓட்டிக்கிட்டுப் போயிருப்பாங்கறாங்க."

"அது நிஜமா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன். அது நிஜம்னா அக்கா மேலயும் தப்பு இல்ல, டாக்டர் மேலயும் தப்பு இல்ல." பேசிக்கொண்டே அழுதாள். "டாக்டர் லைசென்ஸ் போச்சுன்னா அடுத்தது நான்தான். அதுக்காக அக்கா எப்படிச் செத்தான்னு தெரியாம இருந்துட முடியுமா? நீங்க எதைக் கண்டுபிடிக்கணும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆஸ்கருக்கும்தான். இல்லாவிட்டால் மழையில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றிருக்க மாட்டார்.

காருக்குள் வந்து உட்கார்ந்ததும், போர்க் ரோல் என்கிற பன்றி இறைச்சியும் முட்டையும் சீஸும் வைத்த பன்னைப் பிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். முந்தின நாள் டாக்டரை அவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நான் வேறொரு வழக்குக்காக ட்ரென்டனில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர் கூப்பிட்டப்ப நோரீன் ஒரு பெட்ரோல் பங்க்ல நின்னுக்கிட்டு இருந்தாளாம். எங்க இருக்கீங்கன்னு கேட்டிருக்காங்க, ஈஸ்டன், பாலத்துக்குப் பக்கத்துலன்னு சொல்லியிருக்கா. பேச ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல குரல் கம்மிடுச்சு."

"கார் எங்க கெடைச்சுது?"

"அக்கரையில, பிலிப்ஸ்பர்க்ல. மூடிக்கிடக்கிற கம்பளக் கடை வாசல்ல."

"ஆக, ஈஸ்டன்ல அவளைப் பார்த்த பங்க் ஒண்ணு கெடைச்சா டாக்டர் தப்பிச்சாங்க."

"லொரெய்னும் தப்பிச்சா. ஈஸ்டன் பக்கம் பாலத்தைச் சுத்தி மூணு பங்க்தான் இருக்கு. வா."

முதல் பங்க்கில் கல்லாவில் இருந்த பெண் போட்டோவைப் பார்த்துவிட்டு, "நான் போனைத் தவிர எதையும் பார்க்கறதில்லை," என்றாள். அவளுடைய நேர்மையை நான் பாராட்டினேன். இரண்டாவதில் இருந்தவர் அன்றைக்குக் கடையே திறக்கவில்லை. கூரை ஒழுகியதாம்.

மூன்றாவது பங்க்கில் ஆஸ்கர் பம்புக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தினார். "நமக்கும் பெட்ரோல் குறைஞ்சிருக்கு. ரொப்பிக்கிட்டே விசாரிப்போம்," என்று சொல்லி எஞ்சினை அணைத்து, ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

சாரல் உள்ளே அடித்தது. என் குறிப்புகள் நனைந்தன. அவர் அசையவில்லை.

"தலைவரே, யாருக்காக உட்கார்ந்திருக்கோம்?"

"ஆள் வரட்டும்."

"எந்த ஆள்?"

"பெட்ரோல் போடற ஆள்."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பம்பில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அவர் குழாயைத் தன் கையாலேயே பிடித்து நிரப்பிக்கொண்டிருந்தார். பென்சில்வேனியாவில் எல்லோரும் அப்படித்தான். ஆஸ்கரின் நியூ ஜெர்சியில் மட்டும் வண்டி ஓட்டுகிறவர் பெட்ரோல் குழாயைத் தொடக் கூடாது என்று சட்டம். பங்க் ஆள்தான் காரிடம் வந்து ஜன்னலைத் தட்டி, கார்டை வாங்கிப் பெட்ரோல் போடுவார். நாட்டில் இன்னமும் அப்படிச் சட்டம் வைத்திருப்பது அவர்கள் மட்டும்தான்.

"அறுபது வயசாகுது. இன்னும் பெட்ரோல் போடத் தெரியாதா? இறங்குங்க, நான் சொல்லித் தர்றேன். குழாய் கடிக்காது."

வழக்கமாக இதற்கெல்லாம் பதிலுக்கு என் சமையலையோ என் காதலனையோ இழுப்பார். அன்றைக்கு இழுக்கவில்லை. திறந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேவிஸ். இந்த ஊர்ல யாருமே ஜன்னல்கிட்ட வர மாட்டாங்களா?"

"நீங்க இங்கேயே செத்தாலும் வர மாட்டாங்க."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நேத்து டாக்டர் ஒண்ணு சொன்னாங்க," என்றார் மெதுவாக. "நோரீன் பேசிக்கிட்டு இருக்கும்போது ஒரு ஆள் ஜன்னலைத் தட்டினானாம். இவ கார்டை நீட்டி, ஃபுல் பண்ணுங்கன்னு சொன்னாளாம். அந்த ஆள் கார்டைத் திருப்பிக் கொண்டாந்தப்ப இவளுக்குப் பேச்சே வரலையாம். நான் தலையாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறந்ததுல இருந்து எவனாவது என் ஜன்னலைத் தட்டிக்கிட்டுத்தான் இருக்கான். எனக்கு அதுல என்ன புதுசு?"

"டாக்டர் எந்த ஊர்?"

"பெத்லஹேம், பென்சில்வேனியாவுல. மூணு தலைமுறையா."

"அப்ப என்னை மாதிரி. பங்க்ல எவனாவது ஜன்னலைத் தட்டினா, திருடன்னு கதவைப் பூட்டற ஜாதி. ஜெர்சின்னு அவங்களுக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும் தலைவரே. தெரியாம இருக்க வழியே இல்ல."

"தெரிஞ்சவங்க அதை ஏன் என்கிட்ட சொல்லணும்?"

எனக்கு இதில் ஒரு சொந்த அனுபவம் உண்டு. பொய் சொல்கிறவர்கள் பொய்யை மட்டும்தான் கவனமாகச் சொல்வார்கள். அதைச் சுற்றி இருக்கும் நிஜம் கண்ணில் பார்த்தபடியே வாயில் வந்துவிடும். அந்த ஜன்னலும் அந்தக் கையும் டாக்டரின் கண்ணை விட்டுப் போகவே இல்லை என்று தோன்றியது.

"அக்கரையில பெட்ரோல் போட்டுட்டு, பேசிக்கிட்டே பாலம் தாண்டி வந்திருக்கலாமில்ல?" என்றார் ஆஸ்கர். கேட்கவே பாவமாக இருந்தது. அவருக்கும் டாக்டரைக் காப்பாற்ற வேண்டும்.

"வந்திருக்கலாம். போய்க் கேட்போம்."

பாலம் தாண்டினோம். கம்பளக் கடையைத் தாண்டினோம். அதற்கடுத்து வந்த பெட்ரோல் பங்க்கில் காரை நிறுத்தி மூச்சு விடுவதற்குள் ஜன்னல் தட்டப்பட்டது. தலைப்பாகைக்கு மேல் மழைக்காக ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார் அந்த மனிதர். சட்டையில் பல்வீர் என்று தைத்திருந்தது. ஆஸ்கர் போட்டோவை நீட்டினார்.

"அட, கார்டு அம்மா!" என்றார் பல்வீர். சாவடிக்கு ஓடி, கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த வங்கிக் கார்டு ஒன்றை உரித்துக்கொண்டு வந்தார். நோரீன் பாலோக் என்று அதில் பெயர். "வந்து வாங்கிப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒட்டி வெச்சேன். நீங்க அவங்க வீட்டு ஆளுங்களா?"

"அன்னிக்கு என்ன நடந்தது?"

"பெட்ரோல் போட்டேன். கார்டைத் திருப்பிக் குடுக்கப் போனா, முகமெல்லாம் வீங்கியிருக்கு. உதடு இவ்வளவு பெரிசு. ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். போனைக் காட்டினாங்க. போன்ல ஒரு அம்மா வேற யார்கிட்டயோ ஆம்புலன்ஸ் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. சரி, கூப்பிட்டாச்சுன்னு நினைச்சேன்."

"அந்தம்மா என்ன சொல்லிக்கிட்டு இருந்தாங்க?"

"ஈஸ்டன், பாலத்தடின்னு சொன்னாங்க." பல்வீர் நெற்றியைச் சுருக்கினார். "அதைக் கேட்டதும் இவங்க வேகமா தலையை ஆட்டினாங்க, இல்ல இல்லன்னு. விரலால தரையைக் குத்திக் குத்திக் காட்டினாங்க. எனக்குப் புரியல சார். கார்டு கீழ விழுந்துடுச்சுன்னு சொல்றாங்களாக்கும்னு குனிஞ்சு பார்த்தேன். கார்டு என் கையிலதான் இருந்துது. நிமிர்றதுக்குள்ள வண்டியைக் கிளப்பிட்டாங்க. பின்னாலயே ஓடினேன்."

"எந்தப் பக்கம் போனாங்க?"

"இடது பக்கம். பாலத்துக்கு."

ஆஸ்கர் கண்ணை மூடிக்கொண்டார். ஈஸ்டனிலிருந்து பயந்து ஓடிவந்தவள் என்று நாங்கள் நினைத்த பெண், ஈஸ்டனை நோக்கி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

"அவங்க இப்ப நல்லா இருக்காங்கல்ல?" என்றார் பல்வீர்.

போலீஸில் முப்பது வருஷம் சாவுச் செய்தி சொன்னவர் ஆஸ்கர். அவர்தான் இறங்கி, தோளில் கைவைத்துச் சொன்னார். பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. பல்வீர் அங்கேயே நின்றார். குழாயைக் கையில் எடுக்கவில்லை.

டாக்டர் லியோனா ஸ்ட்ராஸ்பர்கருக்கு எழுபது வயதிருக்கும். பெத்லஹேமில் அவருடைய சின்ன மருத்துவமனைக்குள் போனபோது மதிய சூப்பைக் குடிக்காமல் ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்கர் கார்டை மேஜையில் வைத்தார்.

"பிலிப்ஸ்பர்க் பங்க்ல குடுத்தாங்க டாக்டர். ஜன்னலைத் தட்டினாரே, அவரு."

டாக்டர் பெயரைப் படித்தார். மறுக்க முயற்சிகூடச் செய்யவில்லை. அதனால் அவர்மேல் எனக்கு வந்திருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்று.

"அன்னிக்கு எனக்கு முன்னாடி இருந்த நோயாளி வரல. அதனால நோரீனை நேரத்துக்கு முன்னாடியே கூப்பிட்டுட்டேன். எங்க இருக்கீங்கன்னு கேட்டேன், ஈஸ்டன்னு சொன்னா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஜன்னலுக்குப் பின்னால அவங்க வீட்டுத் திரைச்சீலை தெரியும், ஈஸ்டன்னு சொல்லுவாங்க. நானும் சரின்னு எழுதிப்பேன். ஜெர்சி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டு ஒரு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் சாக வேண்டாமேன்னுதான் ரெண்டு பக்கமும் பொய் சொல்லிக்கிட்டு இருந்தோம்."

"அந்தப் பொய் வேற. அதை நான் பார்த்தும் பார்க்காம போயிருப்பேன்," என்றார் ஆஸ்கர். "ஆம்புலன்ஸ்காரங்க கேட்டப்ப ஏன் ஈஸ்டன்னு சொன்னீங்க?"

டாக்டர் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"முதல்ல வாய் தானா சொல்லிடுச்சு. ரெண்டு வருஷப் பழக்கம். உடனே மாத்திச் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது மிஸ்டர் டிகிரூட். ஒரு மூச்சு விடற நேரம் இருந்தது. பிலிப்ஸ்பர்க்னு பதிவாச்சுன்னா என் லைசென்ஸ் போயிடும், மத்த அறுபது பேரையும் யார் பார்ப்பாங்கன்னு யோசிச்சேன். ஆம்புலன்ஸ் ஈஸ்டன் வரட்டும், அங்க காணோம்னதும் அக்கரைன்னு சொல்லிக்கலாம், பாலம்தானே, தாண்டிடுவாங்கன்னு நினைச்சேன். சொன்னேன். அக்கரைன்னு சொல்றதுக்குள்ள..." கையை மேஜையில் விரித்து வைத்தார். "அவ தரையைக் காட்டினதை நான் பார்த்தேன்."

"அதை என்கிட்ட சொல்லலையே."

"சொல்ல முடியல."

சூப்பின் மேல் ஆடை படிந்திருந்தது. ஆஸ்கர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ராத்திரிக்குள் வாரியத்துக்குச் சொல்லியாக வேண்டும், போலீஸுக்கும் சொல்லியாக வேண்டும் என்றார். டாக்டர் தலையசைத்தார். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பி, "அறுபது பேருக்கும் ஒரு வருஷத்துக்கு ஊசி எழுதிடறேன். என் கையெழுத்து செல்லுபடியாகிற வரைக்கும். அதுக்கு மட்டும் விடுங்க," என்றார்.

ஆஸ்கர் என்னைப் பார்த்தார். "மேவிஸ், எனக்குக் காபி வேணும்."

அவர் காபி குடித்து நான் பார்த்ததே இல்லை. இருவரும் வாசலில் போய் நின்றோம். மழை விட்டிருந்தது. உள்ளே விசைப்பலகை தட்டும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கிண்டல் சொல்லலாமென்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. சத்தம் நின்ற பிறகுதான் ஆஸ்கர் போனை எடுத்தார்.

லொரெய்னின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் ஆஸ்கரே சொன்னார். கதையைச் சுற்றி வளைக்கவில்லை, எதையும் மென்மையாக்கவும் இல்லை. டாக்டரின் லைசென்ஸ் போய்விடும் என்றார். ஒரு வருஷத்துக்கு ஊசி வரும் என்றார்.

"அதுக்கப்புறம்?"

"விசாரிச்சேன். ஜெர்சியில இந்த வியாதி பார்க்கிறவங்க ஒருத்தர் இருக்காங்க, வடக்கே. புது நோயாளிகளை எடுக்கறதில்லையாம். நான் விடாம கேட்டுக்கிட்டே இருப்பேன்."

அது பதில் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். லொரெய்ன் கோபப்படவில்லை. அக்காவின் கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவ சோம்பேறித்தனப்படல."

"இல்லம்மா. பெட்ரோல் போட்டுட்டுப் பாலம் தாண்டத்தான் கிளம்பியிருந்தாங்க. போன் முந்திக்கிச்சு."

"பக்கத்துல ஒரு மனுஷன் நின்னாரே. அவரை விட்டுட்டு ஏன் வண்டியை எடுத்தா?"

"ஆம்புலன்ஸை ஈஸ்டனுக்கு அனுப்பறதைக் காதால கேட்டாங்க. வாயால மறுத்துச் சொல்ல முடியல, ஜாடையில சொன்னதும் யாருக்கும் எட்டல. அதனால ஆம்புலன்ஸ் எங்க வருமோ அங்கேயே போயிடலாம்னு கிளம்பிட்டாங்க."

லொரெய்ன் கார்டை மேஜையில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எவ்வளவு தூரம் போனா?"

ஆஸ்கர் தலையைக் குனிந்துகொண்டார். நோரீனின் கார் நின்றிருந்த அந்தக் கம்பளக் கடை வாசலில், திரும்பும் வழியில் நான் இறங்கி நின்று பார்த்திருந்தேன். அதனால் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பாலம் கண்ணுக்குத் தெரியற இடம் வரைக்கும்."